ஆட்லித் தீவில் ஒரு துரை

பக்தவத்சலத்தைப் பேயாக்குவது என்று முடிவானபோது அவனை யாரும் கேட்கவில்லை. மனமகிழ் மன்றச் செயலாளர் குழந்தைவேலு ஒரு மத்தியானம் ஆபீஸ் முழுவதையும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினார். ஜன்னலோரம் கூனி உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்த அந்த ஒல்லி உடம்பில் பார்வை நின்றது. "ஆள் கிடைச்சாச்சு" என்றார்.

அறுபத்து மூன்றாம் வருஷத்துக் கோடை அது. அந்தமானில், ஃபீனிக்ஸ் பே படகு ஜெட்டிக்கு எதிரே இருந்த அந்த ஆபீஸில் வருஷத்துக்கு ஒரு பிக்னிக் உண்டு. எலுமிச்சை ஸ்பூன், மியூசிகல் சேர், சாக்கு ஓட்டம் எல்லாம் ஆடி அலுத்துவிட்டார்கள். இந்த முறை புதிதாக ஒன்று செய்ய வேண்டுமென்று குழந்தைவேலுவுக்கு வெறி பிடித்திருந்தது. அவர் யோசித்து வைத்த விளையாட்டின் பெயர் 'பயங்கரத் தீவு'.

மோட்டார் படகான லாஞ்சில் போனால் முக்கால் மணி நேரத்தில் ஆட்லித் தீவு. ஹாட்லி என்று எந்தக் காலத்திலோ ஒரு துரை அங்கே பங்களா கட்டி வாழ்ந்தானாம். இப்போது மனித வாடையே கிடையாது. பங்களாவின் கூரை போய்விட்டது. சுவர்களை ஆலமர வேர்கள்தான் கட்டிப்பிடித்து நிறுத்தியிருந்தன. ஒவ்வொருவராக, தன்னந்தனியாக, ஜெட்டியிலிருந்து மேடேறிப் பங்களாவுக்குள் நுழைந்து, இருட்டு வராந்தாவைத் தாண்டி, மாடியறையில் இருக்கும் கூடையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்து வர வேண்டும். கத்தாமல் திரும்பி வருகிறவருக்குத் தெர்மாஸ் ஃபிளாஸ்க் பரிசு. மாடியறையில் துரையின் ஆவி காத்திருக்கும்.

"பகல்லதானே சார்?" என்று மட்டும் கேட்டான் பக்தவத்சலம்.

"பட்டப்பகல்ல. நீங்க சும்மா நின்னா போதும். உங்க உயரத்துக்கு நடிப்பே வேண்டாம்."

அவன் திருக்கழுக்குன்றத்துக்காரன். தீவுக்கு வந்து இரண்டு வருஷமாகியும் ஆபீஸில் பாதிப் பேருக்கு அவன் பெயர் தெரியாது. ஹிந்தியில் நெட்டையனுக்கு என்ன சொல்வார்களோ அதையே பெயராக வைத்து 'லம்பு' என்று கூப்பிட்டார்கள். அவன் தங்கியிருந்த டெலானிபூர் மெஸ்ஸில் ராத்திரி வெளியே போக வேண்டுமென்றால் பக்கத்துக் கட்டில்காரனை எழுப்பித் துணைக்குக் கூட்டிப்போகிற தைரியசாலி என்பது அதைவிடக் குறைவான பேருக்கே தெரியும். ஆனாலும் ஒப்புக்கொண்டான். குழந்தைவேலு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் மேஜைக்கெதிரே உட்கார்ந்து பேசினார். அப்படி யாரும் அதுவரை உட்கார்ந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு லாஞ்சுகளில் புறப்பட்டார்கள். ஒன்றில் குடும்பங்கள். மற்றொன்றில் அண்டா, குண்டா, புளியோதரை, பிரம்மச்சாரிகள். தீவில் இறங்கியதும் குழந்தைவேலுவே அவனுக்கு மேக்கப் போட்டார். முகம் முழுக்க மைதா மாவு, கண்ணைச் சுற்றிக் கண்மை, நாடகப் பெட்டியிலிருந்து எடுத்த கறுப்புக் கோட்டு, தலையில் வெள்ளைக்காரத் துரைகள் போடுகிற சோலா தொப்பி. கையில் ஒரு புளியோதரைப் பொட்டலத்தையும் கொடுத்து மாடியில் நிறுத்தினார்.

"நானா வந்து கூப்பிடுற வரைக்கும் அசையக் கூடாது. சரியா?"

"சரி சார்."

முதலில் வந்தவன் உதயசூரியன். ஆபீஸ் கபடி டீம் கேப்டன். விசிலடித்துக்கொண்டே மாடியேறினான். கதவிடுக்கில் வெள்ளை முகத்தைப் பார்த்ததும் விசில் பாதியில் நின்றது. "யம்மா!" என்று அவன் போட்ட சத்தத்தில் ஆலமரத்துக் கிளிகள் மொத்தமாகப் பறந்தன. அடுத்து டைப்பிஸ்ட் ஜெயலட்சுமி. அவள் கத்தவில்லை, செருப்பைக் கழற்றி வீசினாள், பிறகு கத்தினாள். கேஷியர் சொக்கலிங்கம் வாசற்படியோடு திரும்பிவிட்டார்.

பக்தவத்சலத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறந்ததிலிருந்து யாரும் அவனைக் கண்டு பயந்ததில்லை. கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டான். கையை எப்படி நீட்டினால் நன்றாக இருக்கும் என்று சுவரில் விழுந்த நிழலைப் பார்த்து ஒத்திகை பார்த்தான்.

சூப்பரின்டென்டென்ட் சண்முகம் வந்தபோதுதான் அது பலிக்கவில்லை. அவர் மூக்குக் கண்ணாடி வழியாக ஆவியை மேலும் கீழும் பார்த்தார். "கோட்டு பட்டன் மாறிப் போட்டிருக்கு, பாருங்க" என்றார். கூடையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்து ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டு அமைதியாகப் படியிறங்கினார். ஆபீஸிலும் அவர் அப்படித்தான். கடிதத்தில் ஒரு கமா தப்பினாலும் திருப்பி அனுப்புவார். அவருக்குத் தன்னைக் கண்டாலே ஆகாது என்பது பக்தவத்சலத்தின் முடிவு.

அவர் போன கொஞ்ச நேரத்தில் மேகம் கறுத்தது. கடலிலிருந்து ஒரு காற்று கிளம்பி வந்து மரத்தையெல்லாம் உலுக்கியது. பிறகு மழை. கூரையில்லாத பங்களாவில் எங்கே ஒதுங்குவது? ஆலமரத்தின் பெரிய கிளை மறைத்த மூலை ஒன்று இருந்தது. அங்கே சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். கீழே எங்கோ லாஞ்சின் ஹாரன் கேட்டது. மழைக்கு எல்லாரையும் ஒதுங்கச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தான். குழந்தைவேலு வந்து கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறாரே. நின்றான்.

நின்றான், நின்றுகொண்டே இருந்தான். அடுத்த ஆள் வரவில்லை.

மழை கொஞ்சம் விட்டதும் தயங்கித் தயங்கி ஜெட்டிக்கு இறங்கிப் போனான். அங்கே நனைந்த வாழையிலைகள் கிடந்தன. ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. லாஞ்சுகளைக் காணோம். கடல் பொங்குகிறதென்று அவசர அவசரமாக ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். இந்த லாஞ்சில் இருந்தவர்கள் அவன் அந்த லாஞ்சில் இருப்பான் என்று நினைத்திருப்பார்கள். அந்த லாஞ்சில் இருந்தவர்கள் இந்த லாஞ்சில் என்று.

"சார்!" என்று கடலைப் பார்த்துக் கூப்பிட்டான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அழுகை வரும்போல இருந்தது. பயத்தைவிட அதிகமாகக் குத்தியது வேறொன்று. இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அவன் ஞாபகம் வரவில்லையே. காலையிலிருந்து அத்தனை பேரையும் அலறவிட்டவன்!

மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. அந்தமானில் சூரியனுக்கு எப்போதும் வீட்டுக்குப் போகிற அவசரம். சாயங்காலம் தொடங்குவதற்குள் வெளிச்சம் குறைந்துவிடும். வேறு வழியில்லாமல் பங்களாவுக்கே ஓடினான். மாடியறை மூலையில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டக். டக். சரக்.

படிக்கட்டிலிருந்து வந்தது. யாரோ நகத்தால் கல்லைத் தட்டிக்கொண்டே மேலே வருவதுபோல. ஒரு கையல்ல, பத்துக் கை. பிறகு அறைக்குள்ளேயே, இருட்டான அந்தப் பக்கத்தில், காகிதத்தை யாரோ மெதுவாகப் பிரிக்கிற ஓசை. ஹாட்லி துரை தன் தபாலைப் பிரித்துப் படிக்கிறானோ? பக்தவத்சலம் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்ல ஆரம்பித்தான். வேதகிரீஸ்வரரில் தொடங்கியது தங்கள் தெரு முனைப் பிள்ளையார் வரை வந்துவிட்டது. ஓசை நிற்கவில்லை.

ஒரு மின்னல் வெட்டியது. தரை நகர்ந்தது! கல் தரை முழுக்கச் சின்னச் சின்ன மேடுகளாக ஊர்ந்துகொண்டிருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எழுந்து சுவரோடு விறைத்து நின்றான்.

அப்போது படியில் நிஜமான காலடிச் சத்தம் கேட்டது. கூடவே ஒரு வெளிச்சம் ஆடி ஆடி ஏறி வந்தது. அரிக்கேன் விளக்கு. அதைப் பிடித்திருந்தது ஒரு பெண்பிள்ளை. நடுத்தர வயது, நனைந்த சேலையை வரிந்து கட்டியிருந்தாள், மறு கையில் மீன் அறுக்கிற கத்தி. விளக்கை உயர்த்தியவள் மூலையில் நின்ற வெள்ளை முகத்தையும் கோட்டையும் தொப்பியையும் பார்த்தாள்.

பயப்படாதீங்க என்று சொல்ல வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

அவள் ஓர் அடி பின்னால் வைத்தாள். கத்தி பிடித்த கையாலேயே நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"இந்தாரும். எந்த தொரையா இருந்தாலும் சரி. கீழ ஒரே தண்ணி. மழ விடுற மட்டும் நாங்க இங்கனதான் இருப்போம். நீரு ஒம்ம பாட்டுக்கு ஓரமா நில்லும், நாங்க எங்க பாட்டுக்கு இருக்கோம்."

பக்தவத்சலம் தலையாட்டினான். அவள் காட்டிய ஓரத்துக்கு நகர்ந்தும் நின்றான்.

"ஏங்க, மேல வாங்க" என்று அவள் கீழே குரல் கொடுத்தாள். "தொர ஒண்ணு நிக்கி. ஒண்ணும் செய்யாது."

"நிக்கா? நான் வரல அமுதம்!" என்று கீழேயிருந்து ஓர் ஆண் குரல் நடுங்கியது. "நீயும் எறங்கி வா. அருள் நிறைந்த மரியே…"

அந்த நேரம் பார்த்து மைதா மாவு மூக்கில் ஏற, பக்தவத்சலம் தும்மினான். ஒன்றல்ல, வரிசையாக நாலு தும்மல். தொப்பி கழன்று உருண்டது.

அமுதம் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். மழையில் கரைந்த மாவு கன்னத்தில் வாய்க்கால் வாய்க்காலாக ஓடியிருந்தது. கீழே கறுப்புத் தோல் தெரிந்தது.

"தொரைக்கு சளி புடிச்சிருக்கு" என்றாள்.

"நான் துரை இல்லம்மா. எல்.டி.சி. கிளார்க்கு." என்றான் பக்தவத்சலம். சொல்லி முடித்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. "என்னை விட்டுட்டுப் போயிட்டாங்கம்மா."

அப்புறம் எல்லாம் சுலபமாகிவிட்டது. மேலே வந்த அவள் புருஷன் மத்தியாஸ், மணப்பாட்டிலிருந்து வந்து மீன்பிடிக்கிறவன், வெகு நேரம் பக்தவத்சலத்தின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதம் தரையில் படுகிறது என்று உறுதியான பிறகுதான் பேசினான். புயல் காற்றில் தங்கள் சின்னப் படகான டிங்கியைக் கரைசேர்த்துவிட்டு ஒதுங்க வந்தவர்கள் அவர்கள்.

"அண்ணே, இங்க வேற எதுவோ இருக்குண்ணே" என்று பக்தவத்சலம் இருட்டைக் காட்டினான். "தரையே நகருது."

அமுதம் விளக்கைத் தாழ்த்தினாள். சிரித்தாள். தரை முழுக்கச் சங்குநண்டுகள். முதுகில் ஆளுக்கொரு ஓட்டைச் சுமந்துகொண்டு டக் டக்கென்று போய்க்கொண்டிருந்தன. பிரிந்து கிடந்த புளியோதரைப் பொட்டலத்தின்மேல் ஒரு கூட்டமே மொய்த்திருந்தது. ஒரு தடியன் மட்டும் ஓடு கிடைக்காமல் பழைய இங்க் பாட்டிலுக்குள் குடியிருந்தான். படிக்கட்டில் அவ்வளவு சத்தம் அவனால்தான்.

"ஒமக்குச் சோறு கொடுத்து வுட்டவங்க இதுகளுக்கும் சேத்துதான் கொடுத்திருக்காங்க" என்றாள். அவர்களிடம் அவித்த மரவள்ளிக்கிழங்கு இருந்தது. பக்தவத்சலம் அத்தனை கிழங்கை வாழ்நாளில் தின்றதில்லை.

மழை விட்டது. டிங்கியில் ஏறிவிடலாம் என்று மூவரும் ஜெட்டிக்கு வந்தபோது கடலில் ஒரு வெளிச்சம் நெருங்கிக்கொண்டிருந்தது. லாஞ்ச். மேல் தட்டில் ஒருவர் டார்ச்சைச் சுழற்றிக்கொண்டே தொண்டை கிழியக் கத்தினார்:

"பக்தவத்சலம்! பக்தவத்சலம்!"

லம்பு இல்லை. முழுப் பெயர். அவன் ஜெட்டி முனைக்கு ஓடி இரண்டு கையையும் தூக்கினான். டார்ச் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. லாஞ்ச் சட்டென்று நின்று, பின்வாங்க ஆரம்பித்தது. ஓட்டிக்கொண்டிருந்த ஸ்ராங்கு ஹரிபதோ என்கிற வங்காளி.

"நஹி சாப்! ஓ பூத் ஹை! மை நஹி ஜாயேகா!" என்று, பேயிடம் போக மாட்டேனென்று அடம்பிடித்தான்.

"பூத் நஹி, ஹமாரா ஆத்மி!" என்று, நம்ம ஆள்தான் எனச் சொல்லிப் பார்த்தார் டார்ச் பிடித்தவர். ஸ்ராங்கு கேட்கவில்லை. டார்ச்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். ஏணியைப் பிடித்து மார்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். அலையில் தள்ளாடித் தள்ளாடி அவர் கரையேறி வந்த பிறகுதான், கண்ணாடியில்லாத அந்த முகம் சூப்பரின்டென்டென்ட் சண்முகத்தினுடையது என்று பக்தவத்சலத்துக்குப் புரிந்தது.

அவர் அவன் தோளைப் பிடித்தார்.

"ஃபீனிக்ஸ் பேல எல்லாரும் எறங்கிப் போறாங்க. கூட்டத்துக்கு மேல எப்பவும் உங்க தலை ஒண்ணு தெரியும். தெரியலையேன்னு பாத்தேன். யாரைக் கேட்டாலும் அந்த லாஞ்சுல வந்திருப்பான்ங்கிறாங்க. எனக்கு மனசு கேக்கல." மூச்சு வாங்கினார். "ரொம்ப பயந்துட்டீங்களா?"

"ஆமா சார்" என்றான் பக்தவத்சலம். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"நானும்தான்" என்றார் சண்முகம். "காலையில உங்களைப் பாத்தப்பவே. கத்தினா மரியாதை போயிடுமேன்னு வாயில வந்த எதையோ உளறிட்டு எறங்கி வந்தேன்."

பின்னால் நின்ற அமுதம் முதலில் சிரித்தாள். பிறகு மத்தியாஸ். பிறகு நெட்டையும் குட்டையுமாக ஆபீஸ்காரர்கள் இருவரும், நனைந்த உடம்போடு, வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தீவிலிருந்து பேய்ச் சிரிப்பு நாலு குரலில் கிளம்புவதைக் கேட்ட ஸ்ராங்கு இன்னும் கொஞ்சம் பின்வாங்கினான். கடைசியில் டிங்கியில் ஏறித்தான் அவர்கள் லாஞ்சுக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை குழந்தைவேலு ஆபீஸுக்குள் தலை குனிந்தபடி வந்தார். "தப்பு என்மேலதான். மழையில எல்லாரையும் ஏத்துற பதட்டத்துல மறந்துட்டேன்" என்றார். அன்று நாள் முழுக்க ஆட்கள் பக்தவத்சலத்தின் மேஜைக்கு வந்து கதை கேட்டார்கள். ஜெயலட்சுமி இரண்டு தடவை கேட்டாள். அவன் சங்குநண்டுகளைச் சொல்லும்போது விரலால் மேஜையைத் தட்டிக் காட்டினான். சொக்கலிங்கம் மறுபடியும் வாசல்வரை போய் நின்றுகொண்டுதான் கேட்டார்.

லம்பா லைன் பகுதிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த மத்தியாஸ் வீட்டுக்கு அவன் அடுத்த ஞாயிறே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனான். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. மீன் வீட்டில் சைவக்காரனான அவனுக்கென்று தனிப் பானையில் கிழங்கு வெந்தது. அமுதம் அவனைக் கடைசிவரை 'தொரை' என்றுதான் கூப்பிட்டாள்.

தைரியசாலியாக மாறிவிட்டானா என்றால் அதுதான் இல்லை. மெஸ்ஸில் ராத்திரி துணைக்கு ஆளை எழுப்புகிற வழக்கம் அப்படியே இருந்தது. எழுப்பப்பட்டவன் மட்டும் இப்போது முணுமுணுக்காமல் வந்தான்.

மறு வருஷம் பிக்னிக் பேச்சு எழுந்தபோது குழந்தைவேலு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெல்லக் கேட்டார். "இந்தத் தடவையும் பண்ணலாமா? கோவிச்சுக்காதீங்க."

பக்தவத்சலம் டைப் அடிப்பதை நிறுத்தினான்.

"பண்ணலாம் சார். ஆனா இன்னொரு பேயும் போடுங்க. தனியா நிக்க பயமா இருக்கு."

யார் அந்த இன்னொருவர் என்று அறை முழுக்கப் பேச்சு கிளம்பியது. சூப்பரின்டென்டென்ட் மேஜையில் சண்முகம் தலை நிமிராமல், ஒரு கடிதத்தில் கமாவைத் திருத்திக்கொண்டே, இடது கையை உயர்த்தினார்.