வேலியோரத்து வச்சிரம்

தூர இருக்கிற பிள்ளையளும் கிட்ட வாங்கோ, என்ரை குரல் முன்னைப்போல எட்டாது. ஒரு செத்தவீட்டுக் கதை சொல்லப்போறன். பயப்படாதேங்கோ, பேய் வராது.

மரியநாயகி மூலையிலிருந்த தகரப் பேணியைக் கவிழ்க்கப்போன நேரம், லூர்த்தம்மா ஓடிவந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுங்கோ மச்சாள். செத்தவீட்டிலை ஊறல் தண்ணி வைச்சிருக்கக் கூடாது.”

“அது தண்ணியில்லை. வச்சிரம்.”

விடியப்புறம் தம்பிஐயாவின் மூச்சு நின்றிருந்தது. தச்சுவேலைக்காரர், லூர்த்தம்மாவின் புருசன், மரியநாயகியின் தமையன். உள்ளே ஆம்பிளையள் அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். பேணியில் இருந்தது முதல்நாள் பின்னேரம், காய்ச்சலோடு எழும்பி அவரே ஊறப்போட்ட பசை. மாட்டுத்தோல் துண்டுகளைச் சுண்ணாம்பில் போட்டு, கழுவி, அவித்து, வடித்து, பாளம் பாளமாய் வெயிலில் காயவைத்தது. சண்டை தொடங்கியபின் கொழும்பு வச்சிரம் வருவது நின்றுபோயிருந்தது. இருந்த கடைசிப் பாளம் இது. தண்ணீர் குடித்துப் பொங்கி, நுங்குபோலத் தளதளத்தது. அந்த வெக்கைக்கு மறுநாள் நாறிவிடும்.

பக்கத்துத் தச்சுக் கொட்டிலில் கோயில் ஆர்மோனியம் முதுகு திறந்து கிடந்தது. காலால் மிதிக்கிற பெரிய ஆர்மோனியம். காற்றூதும் துருத்தியின் தோல் ஒட்டு விட்டுப்போய் வந்தது. “பாஸ்குவுக்குத் தாறன்” என்று சொல்லியிருந்தார் தம்பிஐயா. அந்த உயிர்ப்புத் திருநாளும் போய்விட்டது. போன ஞாயிறு பூசை முடிய, கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிற உபதேசியார் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகக் கேட்டார்: “என்ன தம்பிஐயா, ஆர்மோனியத்தை ஆருக்கும் சீதனமாக் குடுத்துப்போட்டீரோ?” ஊர் சிரித்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்த மனிசன் சாப்பிடவில்லை.

நாளைப் பின்னேரம் அடக்கம். பாட்டில்லாமல்தான் கொண்டுபோவார்கள். ஏன் பாட்டில்லை என்று ஊருக்கே தெரியும். அந்த நினைப்பு லூர்த்தம்மாவை இருக்கவிடவில்லை. சவத்தடியில் இருப்பாள், எழும்புவாள், கொட்டிலுக்குப் போய்த் தோலைத் தொட்டுப் பார்ப்பாள், திரும்பி வருவாள்.

“அண்ணை கிடக்கிறார், நீங்கள் குட்டி துலைச்ச பூனைமாதிரித் திரியிறியள்,” என்றாள் மரியநாயகி.

“நான் ஒட்டப்போறன்.”

“நீங்களோ? உந்த நாத்தத்துக்காக மனிசனைக் கொட்டிலிலை படுக்கவிட்ட ஆளெல்லோ!”

உண்மைதான். ஆனால் ஊறின பசையை உருக்க நெருப்பு வேண்டும்.

“சவம் எடுக்கமுன்னம் இந்த வீட்டிலை அடுப்பு மூட்ட நான் விடமாட்டன்,” என்றாள் மரியநாயகி.

லூர்த்தம்மா பேணியைத் தூக்கிக்கொண்டு பின்வேலிக்குப் போனாள். வேலிக்கு அங்காலே நாகேஸ்வரி வீடு. மச்சம் மாமிசம் புழங்காத சைவ வீடு. வச்சிரம் காய்ச்சுகிற நாளெல்லாம் வேலிக்கு மேலால் சண்டைதான்.

“அக்கா... நிக்கிறியளே?”

வேலிப் பொட்டில், ஓலை விலகின ஓட்டையில், ஒரு முகம் தெரிந்தது. அழுது சிவந்த முகம். “சொல்லு பிள்ளை. கோப்பி போட்டுத் தரட்டே?”

“கோப்பி வேண்டாமக்கா. நெருப்பு.”

நாகேஸ்வரியின் கண் பேணிக்குப் போனது. சீலைத் தலைப்பு மூக்குக்குப் போனது. “சிவசிவா! உதைக் காய்ச்சவோ? என்ரை அடுப்பிலையோ?”

“நாளைக்கு அவருக்கு ஆர்மோனியம் வாசிக்கவேணும்.”

முகம் மறைந்தது. வீட்டுக்குள் யாரோ புதிதாய் வந்து குழறி அழுவது கேட்டது. லூர்த்தம்மாவைத் தேடினார்கள். அவள் அசையவில்லை.

பொட்டுக்குள்ளால் ஒரு பழைய இரும்புச் சட்டி நீண்டது. நிறையச் சிரட்டைத் தணல்.

“அடுப்புத் தரமாட்டன், நெருப்புத் தாறன். உங்காலை வைச்சுக் காய்ச்சு. வெளி முத்தத்திலை எரியிறது அடுப்பில்லையெண்டு உன்ரை மச்சாளுக்கு நான் சொன்னதாச் சொல்லு.” முகம் திரும்பவும் எட்டிப் பார்த்தது. “சட்டி எனக்குத் திரும்பி வேண்டாம்.”

லூர்த்தம்மா தண்ணீர்ப் பானைக்குள் பேணியை இறக்கி, தணலில் வைத்து, ஓலையால் விசுக்கினாள். சமைத்த கை, கொதித்தால்தான் வெந்தது என்று பழகிய கை. தண்ணீர் துள்ளத் தொடங்கியபோதுதான், “கொதிச்சால் பசை பிடியாதடி!” என்று அவர் கொட்டிலிலிருந்து கத்துவது காதில் விழுந்ததுபோல இருந்தது. வெறுங்கையால் பேணியை வெளியே இழுத்தாள். விரலில் தொட்டு இழுக்க, பசை நூலாய் வந்தது; கெட்டுப்போகவில்லை.

ஏசுவதற்கென்றே கொட்டிலுக்கு வந்த மரியநாயகி வாசலில் நின்றாள். லூர்த்தம்மா ஒரு கையால் தோலைப் பிடிக்க, மறுகையிலிருந்த தும்பு கட்டின தடியால் பசை பூச, தோல் சுருண்டு சுருண்டு விழுந்தது.

“பாத்துக்கொண்டு நிக்காமல் இழுத்துப் பிடியுங்கோ மச்சாள்! காத்துப் பட்டால் உறைஞ்சுபோகும்!”

மரியநாயகி பிடித்தாள். மூக்கைச் சுளித்தபடி பிடித்தாள்.

அந்த நேரம் பார்த்து சில்லாலை ஊரிலிருந்து சொந்தச் சனம் வந்து இறங்கியது. பெண்கள் குழறிக்கொண்டு, கையை விரித்துக்கொண்டு கொட்டிலுக்குள் ஓடிவந்தார்கள்.

“கட்டிப்பிடியாதேங்கோ!” மரியநாயகி அலறினாள். “எல்லாரும் ஒட்டிப்போடுவம்!”

பின்னால் யாருக்கோ சிரிப்பு வந்துவிட்டது. மரியநாயகிக்கும் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே, “அண்ணை, என்ரை அண்ணை” என்று அழத் தொடங்கினாள். தோலைப் பிடித்த கையை மட்டும் அவள் விடவில்லை.

அடுத்தநாள் சவப்பெட்டிக்கு முன்னம் ஆர்மோனியம் வண்டிலில் கோயிலுக்குப் போனது. பின்பலகை பூட்ட நேரமில்லை. உபதேசியார் அதன்முன் வந்து இருந்தார், சவப்பெட்டியை ஒருமுறை பார்த்தார், மிதித்தார். சத்தம் எழும்பியது.

பாட்டு நடக்கும்போது லூர்த்தம்மா பெட்டியைப் பார்க்கவில்லை. ஆர்மோனியத்துக்குப் பின்னால் முழங்காலில் இருந்தாள். முகத்தைத் துடைத்த ஈரக் கையை, ஒட்டின தோலின் மடிப்போரம் மெல்ல மெல்ல நகர்த்தினாள். கையில் காற்றுப் படவில்லை; ஒட்டு எங்கும் விடவில்லை.

பாட்டின் கடைசி அடி வந்தது.

“எழும்புங்கோ மச்சாள். தூக்கப்போறாங்கள்.”

“பொறுங்கோ,” என்றாள் லூர்த்தம்மா. “அங்காலைப் பக்கத்தையும் ஒருக்காப் பாத்திட்டு வாறன்.”

சரி பிள்ளையள், வீட்டை போங்கோ. உங்கடை வீட்டிலை ஒருத்தரும் குறையாமல், எல்லாரும் ஒண்டாய் இருந்து சாப்பிடுகிற காலம் நீண்டு கிடக்கட்டும்.