மாதுளை மரத்து முதலாளி

முர்ஷித் முற்றத்தில் கால் வைத்ததும் முதலாளி கறுத்துப் போனார்.

அதுவரை மாதுளை இலையோடு இலையாகப் பச்சையாய் இருந்த பச்சோந்தி, கழுத்தில் தொடங்கி வால் நுனிவரை கரி பூசினாற்போல் இருண்டது. உடம்பைத் தட்டையாக்கிக் கிளைக்குப் பின்னால் ஒதுங்கியது. ஒரு கண் முர்ஷிதை விடாமல் பார்த்தது. மற்றக் கண் அவன் மனைவி இன்ஷிரா எங்கே என்று கிறுகித் தேடியது.

“இன்னா, மச்சானக் கண்டோண்ண மூஞ்சி போன போக்கு!” மதிலுக்கு அப்பால் நின்று சிரித்தாள் றாஹிலா. இன்ஷிராவின் தங்கை. வாப்பாவின் வளவைப் பிரித்து அக்காவுக்கு ஒரு வீடு, தங்கைக்கு ஒரு வீடு. அங்கே தும்மினால் இங்கே கேட்கும். “ரெண்டு பேரும் சம்மாந்துறை மாப்பிள. ஒரு ஊட்டுல ரெண்டு மாப்பிள இரிந்தா இப்பிடித்தான்.”

முர்ஷிதும் சிரித்து வைத்தான்.

மருதமுனையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை என்பவன் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருகிறவன். முர்ஷிதும் அப்படி வந்தவன்தான். வந்த சூட்டோடு கட்டாருக்குப் போனவன். அவன் இல்லாத நேரம் பார்த்து இது வந்து சேர்ந்துவிட்டது. அவனுடைய உம்மாவைப் பார்க்க இன்ஷிரா சம்மாந்துறைக்குப் போய்த் திரும்பும்போது, வயல் றோட்டின் நடுவில், எடுத்த காலை வைப்பதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து ஆடிக்கொண்டு நின்றதாம். எதிரே உழவு மெஷின் வந்ததாம். இன்ஷிரா ஓட்டோவை நிறுத்தி இறங்கி, அதைத் தன் ஷோலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு கண்ணால் வாடிக்கையாளரையும் மறு கண்ணால் காசு லாச்சியையும் பார்க்கிற கடை முதலாளி மாதிரி இருந்ததால் முதலாளி என்று பெயர்.

இந்த விபரம் தெரியாமல், ஒருநாள் போனில் “கொஞ்சம் இரிங்க, முதலாளிக்குச் சாப்பாடு குடுத்திட்டு வாறன்” என்று அவள் சொன்னதைக் கேட்டு, தோஹாவில் அந்த இரவை முர்ஷித் எப்படிக் கழித்தான் என்பது அவனுக்கும் படைத்தவனுக்கும்தான் தெரியும். பச்சோந்தி என்று தெரிந்த பிறகு நிம்மதியாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஊரோடு வந்த பிறகுதான் முழுக் கூத்தையும் பார்த்தான். காலையில் எழும்பினால் அவனுக்குத் தேத்தண்ணி பிறகு. முதலில் போத்தலால் மாதுளை இலைகளில் தண்ணீர் தூவ வேண்டும். ஏனென்றால் முதலாளி கிண்ணத்தில் குடிக்க மாட்டார், இலையில் தொங்கும் சொட்டைத்தான் நக்குவார். கடற்கரைப் பற்றைகளில் வெட்டுக்கிளி பிடித்து வந்து விரல் நுனியில் நீட்டுவாள். அது கண்கள் இரண்டையும் ஒருசேர முன்னுக்குக் கொண்டுவந்து குறிபார்க்கும். நாக்கு போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. வெட்டுக்கிளி காணாமல் போயிருக்கும். அவள் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரிச் சிரிப்பாள். தன் முகத்துக்கு நேரே அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலம் என்று முர்ஷித் நினைத்துப் பார்ப்பான். அது இன்றைக்கு மஞ்சளா, பச்சையா, எந்த இடத்தில் புள்ளி என்றெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இவன் முகம் வாடினதை மட்டும் கவனிக்க மாட்டாள்.

அந்த வீட்டின் கதவும் யன்னலும் ஓடும் மாமா போட்டவை. தன்னுடையதாக ஏதாவது இருக்கட்டுமென்று, வந்த மாதமே மணல் முற்றம் முழுவதும் இன்டர்லொக் கல் பதித்தான் முர்ஷித். மாதுளையின் அடித்தண்டு வரைக்கும் நெருக்கிப் பதித்தான். மரத்தைச் சுற்றி அவள் கட்டியிருந்த பழைய மீன் வலை அந்தக் கல்லின்மேல் வந்து நின்றது. “மழைக்குத் தண்ணி நிக்காது” என்றாள் இன்ஷிரா. ஒரு புகழ்ச்சி, ஒரு சந்தோஷம் இல்லை.

இப்போது சில நாட்களாக முதலாளி சாப்பிடவில்லை. மரத்தைவிட்டு இறங்கி வருவதும், வலையோரமாகச் சுற்றுவதும், கல்லைப் பிறாண்டுவதும், களைத்துப்போய் மறுபடி ஏறுவதுமாக இருந்தது. நிறமும் கறுப்பு, அதில் மஞ்சள் புள்ளிகள்.

“ஓடப் பாக்குது. போகட்டுமே, தொறந்து உடு” என்றான் முர்ஷித்.

“வெளிய உட்டா ஓணானெண்டு கல்லெறிஞ்சே கொன்டிருவானுகள்.” வலையில் நெற்றியை முட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். “நீங்க வந்ததில இரிந்துதான் இப்பிடி. உங்களக் கண்டா அதுக்குப் பயம்.”

சொல்லிவிட்டு அழுதாள். கட்டாருக்குப் போக அவன் வாசலில் நின்ற வேனில் ஏறியபோது இவள் அழவில்லை. ‘போய்ச் சேந்தோண்ண கோல் எடுங்க’ என்றாள், அவ்வளவுதான். ஒரு பூச்சி தின்னிக்குக் கண்ணீர்!

உள்ளே போய்ப் போனை எடுத்தான். பச்சோந்தி எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும் என்று தேடினான். இன்னும் எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்று தெரிய வேண்டாமா? அந்தத் தேடலில்தான் ஒரு வீடியோ அகப்பட்டது. ஆணுக்குப் பின்னங்காலில் முள் மாதிரி ஒரு துருத்தல் இருக்கும்; பெண்ணுக்கு இராது. பெண் துணையில்லாமலும் முட்டை கட்டும். கட்டினால் தீனியை விட்டுவிட்டு இறங்கி மண் தேடும். ஆழமாகத் தோண்டித்தான் முட்டை இடும். மண் கிடைக்காவிட்டால் முட்டை வயிற்றிலேயே தங்கி, தாய் செத்துப்போகும்.

யன்னலால் எட்டிப் பார்த்தான். பின்னங்காலில் முள் இல்லை. விலாவில் கச்சான் கடலைக் கோது மாதிரி மொழி மொழியாகத் தெரிந்தது. அட, முதலாளி பொம்பிளை! தனியே சிரித்தான். சிரிப்பு முடிவதற்குள் அடுத்த நினைப்பு வந்துவிட்டது: இது இன்ஷிராவுக்குத் தெரியாது. அவன் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

இருந்தான். மத்தியானம் ளுஹர் தொழுதான். மீன் ஆணத்தோடு சோறு தின்றான். அவள் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, தான் தின்னாமல் மறுபடி மரத்தடிக்குப் போய்விட்டாள். கை கழுவ வந்தவனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

“காலையில இரிந்து போன்ல பாத்திட்டிரிந்தீங்களே. இதப் பத்தி ஏதாச்சும் போட்டிரிக்கா?”

“இல்ல. ஒண்டும் தெரியா” என்றான்.

“சரி” என்றாள் அவள்.

சந்தேகப்பட்டிருந்தால், ஒரு சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பான். அவள் அப்படியே நம்பிவிட்டாள். வீட்டைச் சுற்றி ஒருதரம் நடந்தான். பின்பக்கம் சாத்தியிருந்த இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தான்.

முதல் கல்தான் கிளம்ப மறுத்தது. இறுக்கமாகப் பதித்தது அவன் கைதானே. அது பெயர்ந்ததும் மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. சத்தம் கேட்டு றாஹிலா மதிலால் எட்டிப் பார்த்தாள்.

“மச்சானுக்குப் பைத்தியமா? புதுக் கல்லெல்லாம்!”

“உங்கட முதலாளி பொம்பிள” என்றான் முர்ஷித், நிமிராமல். “வயிறு நெறைய முட்ட. மண்ணில்லாட்டி செத்திரும்.”

றாஹிலா வாயைப் பொத்திக்கொண்டாள். இன்ஷிரா பச்சோந்தியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“எப்ப தெரியும் உங்களுக்கு?”

இன்னொரு கல்லைப் புரட்டிப் போட்டான்.

“காலையில.”

குந்தி உட்கார்ந்து, பெயர்ந்த கற்களை வலைக்கு வெளியே தூக்கி வைத்தாள். கல்லுக்குக் கீழே பழைய வெள்ளை மணல் ஈரத்தோடு கிடந்தது. அவன் அதை ஆழம் வரைக்கும் கிளறிவிட்டான்.

“ஆள் நிண்டா தோண்டாதாம். உள்ளுக்குப் போவம்.”

யன்னல் சீலைக்குப் பின்னால் இருவரும் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லி ஓய்ந்தது. பச்சோந்தி வெகுநேரம் அசையவில்லை. பிறகு தண்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை நீட்டி, ஆடி, மறுகாலை நீட்டி இறங்கியது. மணலில் கை வைத்துப் பார்த்தது. தலையைக் கீழே குத்தி வாரத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகத் தோள்வரை மண்ணுக்குள் போய்விட்டது.

இன்ஷிராவின் கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. எவ்வளவு இறுக்கமென்றால் நகங்கள் தோலுக்குள் இறங்கின. கோபத்திலா, சந்தோஷத்திலா? பிடித்திருப்பது புருஷனைத்தான் என்று அவளுக்குத் தெரியுமா? அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்தான். அவளுடைய கண்கள் இரண்டும் வெளியேதான் இருந்தன. அவன் கையை இழுக்கவில்லை. நகம் பட்ட இடத்தில் மெல்ல இரத்தம் கசிந்தது.