மாவுத்தொட்டியில் ஒரு கேப்டன்

1

இந்தக் கதை பிறந்த இடம் ஒரு அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வு அறை. "அரசியல் சாசனத்துல அப்புறமா சேர்த்த உரிமைகள்ல ஒண்ணு சொல்லுங்க" என்றார் அதிகாரி. பேச்சுரிமை என்று சொல்லியிருந்தால் இரண்டு நொடியில் வேலை முடிந்திருக்கும். பதற்றத்தில் என் வாயில் மூன்றாவது திருத்தம் வந்து விழுந்தது: வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதமில்லாமல் சிப்பாய்களை வீட்டில் தங்கவைக்கக் கூடாது.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இத்தனை வருஷத்துல இதைச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்!"

பாஸ் போட்டுவிட்டார். ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வரி சட்டத்தில் ஏறுகிறதென்றால் எங்கோ ஒருத்தி அதற்காக வயிறெரிந்திருக்க வேண்டும். (ஒருத்தி என்று ஏன் எழுதினேன்? தெரியவில்லை. எழுதியாயிற்று, இருக்கட்டும்.)

2

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

"1788-ஆம் ஆண்டு, பதின்மூன்று மாநிலங்களும் ஒரு புதிய…" பரீட்சை வாடை அடிக்கிறது.

"பனி பெய்துகொண்டிருந்த ஒரு…" நியூ ஹாம்ப்ஷயரில் இருபத்திரண்டு வருடமாகப் பனி தள்ளுகிறேன். எப்போதுதான் பெய்யவில்லை?

"கேப்டன் தன் வீங்கிய கால்கள் இரண்டையும், மெஹிட்டபெல் பெட்டிங்கில் என்பவள் ரொட்டிக்கு மாவு பிசையும் மரத்தொட்டியில் வெந்நீர் ஊற்றி உள்ளே வைத்தார்."

இது நிற்கும். பிரிட்டனை எதிர்த்து விடுதலைப் போர் நடந்த காலம். எதிரிப் படை அல்ல, சொந்தப் படைதான். ஒன்பது சிப்பாய்கள், ஒரு கேப்டன், அவள் வீட்டில் பதினோரு நாள். உப்புக்கண்டம் தீர்ந்தது, ஆப்பிள் மது தீர்ந்தது. கணவர் ஜோத்தம், "நம்ம ஆளுங்கதானே" என்றார். கேப்டன் போன அன்றே மெஹிட்டபெல் அந்தத் தொட்டியைக் கோடாலியால் பிளந்து அடுப்பில் வைத்தாள். வீடு அவளுடைய அப்பா கட்டியது. ஊர் பெயர் கிரிம்ஸ் ஹாலோ.*

* வரைபடத்தில் தேடாதீர்கள். ஊரைக் கட்டியது நான்.

3

பத்து வருடம் கழித்துச் சாசனம் வந்தது. பதின்மூன்றில் ஒன்பது மாநிலங்கள் ஒப்புக்கொண்டால் போதும், நாடு ஓடத் தொடங்கிவிடும். ஹாலோ ஊர்க்கூட்டம் ஜோத்தமை மாநில மாநாட்டுக்குப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்து, உரிமைப் பட்டியல் இல்லாத சாசனத்துக்கு "இல்லை" என்று சொல்லிவிட்டு வா என்று கட்டளையும் கொடுத்தது. பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் ஓட்டு இல்லை. மெஹிட்டபெல் தன் கூட்டத்தை வாசலில் நடத்தினாள்.

"அங்க போய் என்ன சொல்லப் போறீங்க?"

"இல்லைன்னு."

"இன்னொரு தடவை."

"இல்லைன்னுதான் சொல்லப் போறேன், மெஹிட்டி."

"சிப்பாய் வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு ஒரு வரி. அது ஏறாம தலையாட்டிட்டு வந்தீங்க, மிஸ்டர் பெட்டிங்கில், மாட்டுக்கொட்டகைலதான் படுக்கணும். அதுவும் மாடு சம்மதிச்சா."

என் தலைவலி ஜோத்தம்தான். முதல் வரைவில் அவருக்கு இரண்டு பக்க வீர உரை கொடுத்தேன். பாவம், அவர் வாயில் அது நிற்கவில்லை. கடைசியாகப் பேசியவர் சொன்னதே சரி என்று நினைக்கிற மனிதர் அவர். (என் வீட்டில் கேட்டால் இந்தப் பாத்திரம் எங்கிருந்து வந்தது என்று சொல்வார்கள்.)

4

கான்கார்ட் நகரம், ஜூன் மாதம். எட்டு மாநிலங்கள் ஏற்கெனவே தலையாட்டிவிட்டன. ஒன்பதாவது இவர்கள், நியூ ஹாம்ப்ஷயர்காரர்கள். வாக்கெடுப்பு நாளன்று எனோஸ் என்கிற வக்கீல், பையில் "இல்லை"யோடு வந்திருந்த சிலரை மதிய விருந்துக்கு அழைத்தார்.*

* இப்படியொரு விருந்து நடந்ததாக இங்கே சொல்லிவருகிறார்கள். ஆதாரம் கேட்காதீர்கள். வக்கீலும் சாப்பாடும் என் கற்பனை.

"ஊருக்கு என்ன வாக்குக் குடுத்தீங்க, பெட்டிங்கில்? ஆமான்னு சொல்ல மாட்டேன்னுதானே? சொல்லாதீங்க. யாரு சொல்லச் சொன்னா? சால்மன் மீன் ஆறுது, எடுத்துக்கோங்க."

"ஓட்டெடுப்பு எப்போ ஐயா?"

"மணி அடிப்பாங்க. உரிமைப் பட்டியல் பின்னாலயே வரும், கவலப்படாதீங்க. பன்னிரண்டு திருத்தம் வேணும்னு எழுதி அனுப்புறோம். சிப்பாய் சமாச்சாரமும் இருக்கு."

மணி அடித்தது. ஜோத்தமுக்குக் கேட்டது. தொட்டி, கோடாலி, மெஹிட்டபெலின் முகம் எல்லாம் கண்முன் வந்தன. பாதி எழுந்தார். அதே நேரம் வக்கீலின் மனைவி ஆப்பிள் வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டத்தை நீட்டினாள்.

[இங்கே ஜோத்தம் மேசையைத் தட்டி, "என் மனைவிக்குக் கொடுத்த வாக்கு…"]

எழுதிப் பார்த்தேன். பாதி எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னது நம் பாட்டன்மார். அது வக்கீலுக்கும் தெரிந்திருந்தது. விருந்து முடிவதற்குள் ஓட்டெடுப்பு முடிந்து சாசனம் ஜெயித்திருந்தது: ஐம்பத்தேழுக்கு நாற்பத்தேழு. இந்த எண்கள் மட்டும் நிஜம்.

5

"இல்லைன்னு சொன்னீங்களா?"

"ஆமான்னு சொல்லல."

"சட்டைல என்ன கறை?"

"…ஆப்பிள்."

கொட்டகையில் எத்தனை நாள் படுத்தார்? ஒரு வாரம் என்றால் நியாயம். மூன்றரை வருடம் என்றால் சிரிப்பு. முதல் பனி விழும்வரை என்று வைத்துக்கொண்டேன். மாடு சம்மதித்தது.

6

மூன்றரை வருடம் கழித்துப் பத்துத் திருத்தங்கள் சட்டமாயின. சேதி வந்த பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஜோத்தம் காலணிகூடக் கழற்றாமல் ஓடி வந்தார்.

"உன் வரி, மெஹிட்டி! மூணாவதா இருக்கு!"

அவள் மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு தானே படித்தாள். மெதுவாக, இரண்டு முறை.

"அமைதிக் காலத்துல சம்மதம் கேக்கணுமாம். சண்டைக் காலத்துல சட்டம் சொல்ற மாதிரி வரலாமாம். சண்டை இல்லாதப்போ எவன் வந்தான்?"

"அது வந்து…"

"சரி, அதை விடுங்க. சொந்தக்காரரோட சம்மதம்னு போட்டிருக்கே. இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் யாரு?"

அவளுடைய அப்பா கட்டிய வீடுதான். ஆனால் கல்யாணத்தன்றே சட்டம் அதைக் கணவர் கையில் கொடுத்துவிட்டது.

"நான்தான்" என்றார் ஜோத்தம், திருடியதை ஒப்புக்கொள்கிறவர் குரலில்.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. இவ்வளவு வருடம் காத்திருந்து வாங்கிய வரியில் அவள் இல்லை.

7

முடிவு ஒன்று: மெஹிட்டபெல் சிரித்து மன்னித்துவிடுகிறாள். அவளைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

முடிவு இரண்டு: ஜோத்தம் வீட்டை அவள் பேருக்கு எழுதிவை… அன்றைய சட்டம் அவ்வளவு லேசில் விடாது. ஏற்கெனவே வக்கீலிடம் சாப்பிட்டதே போதும்.

முடிவு மூன்று: அன்று மாலையே கதவு தட்டப்படுகிறது. படைக்கு ஆள் சேர்க்க வந்த கேப்டன், வேறொருவர், ஆனால் அதே வீங்கிய கால்கள். தொப்பியைக் கையில் எடுத்துக்கொள்கிறார். "புதுச் சட்டமாமே. வீட்டுக்காரர் சம்மதம் வேணும்னு சொன்னாங்க. பனி நிக்கிற வரைக்கும் தங்கிக்கலாமா?"

கடைசியாகப் பேசியவர் கேப்டன். ஜோத்தமின் வாய் தானாகத் திறக்கிறது. பின்னால் புதுத் தொட்டி, அதில் முழங்கைவரை மாவோடு மெஹிட்டபெல். திறந்த வாயோடு அவர் நின்றுவிடுகிறார். பிறகு, கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாக, பதில் சொல்லும் முன் திரும்பி அவளைப் பார்க்கிறார்.

இதுவரை என்னால் எழுத முடிந்தது. பதில் அவருடையதா, அவளுடையதா, என்ன பதில் என்பதை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம். கதவு திறந்தே கிடக்கிறது. குளிரில் மாவு உப்பாது.