மேலாளருக்குப் பிறகு குதிக்கவும்

குளியலறைக் குழாய் விற்கிறவர்கள் எதற்காக அந்தரத்தில் குதிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது, அவ்வளவுதான். ஒவ்வொரு கிளையும் மொத்தமாகப் புல்வெளியில் துள்ளிக் குதிக்கிற மாதிரி ஒரு படம் அனுப்ப வேண்டுமாம். பார்த்தாலே இங்கே வேலை செய்கிறவர்களுக்கு என்ன ஒரு குதூகலம் என்று தோன்ற வேண்டுமாம். சம்பள உயர்வு கேட்டால் மட்டும் காது கேட்காத அலுவலகம் அது.

இந்தக் கிளையின் துணை மேலாளருக்கு வேறு கவலை. மேலாளர் சீக்கிரமே ஓய்வு பெறப் போகிறார். அந்த நாற்காலி துணை மேலாளருக்கா, சரக்கறைப் பொறுப்பாளருக்கா என்று அவர்தான் சொல்லப் போகிறார். இந்த நேரம் பார்த்து மேலாளர் தலைக்கு மேலே தன் தலை போய்த் தொலைந்தால்? மேலாளரோ கனத்த உடம்பு. ஒரு சாண் எழும்பினாலே பெரிய விஷயம்.

படம் எடுப்பதற்கு முந்தின நாள் வீட்டு மொட்டை மாடியில் துணை மேலாளர் குதித்துப் பார்த்தார். துணி எடுக்க வந்த மனைவி நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்னங்க இது?"

"உசரம் போகாம குதிக்கப் பழகுறேன்."

"அதுக்குப் பழக வேற வேணுமா? உங்க எல்லா வேலையும் அந்த லட்சணத்துலதானே நடக்குது."

மறுநாள் பூங்காவுக்குப் போகிற வேனில் எல்லோர் காதிலும் ஓதினார். மேலாளர் காரில் வந்தது வசதியாகப் போயிற்று. "சார் முதல்ல குதிக்கட்டும். அவரு காலு தரையை விட்டதைப் பார்த்துட்டு அப்புறம் நாம. அவருக்கு மேல யாரும் போகக் கூடாது, புரியுதா?"

புகைப்படக்காரி புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று கத்தினாள். எடுத்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்ன சார் இது? இவரு ஒருத்தரு குதிக்கிறாரு. மத்தவங்க எல்லாம் தொலைஞ்ச சாவியைத் தேடுற மாதிரி அவரு காலையே பார்க்குறீங்க!"

திரும்பத் திரும்ப அதே கதைதான். மேலாளருக்கு மூச்சு வாங்கியது, முகம் சிவந்தது. "யாருய்யா இப்படிக் குதிக்கச் சொன்னது?"

"இவருதான் சார்," என்றார் சரக்கறைப் பொறுப்பாளர், இதற்காகவே காத்திருந்தவர்போல. "உங்களால அதிகம் எழும்ப முடியாதாம்."

"ஓஹோ!" மேலாளர் வேட்டையாடுகிற பார்வை பார்த்தார். "இந்தத் தடவை எல்லாரும் உயிரைக் கொடுத்துக் குதிக்கணும். முக்கியமா நீங்க!"

துணை மேலாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். போனால் போகிறது என்று முழு பலத்தையும் காலுக்கு அனுப்பினார். ஆனால் இத்தனை தடவை முதல் ஆளாகவே குதித்துப் பழகிய மேலாளர் 'ரெண்டு' என்றபோதே எழும்பிவிட்டார். ஈரப் புல்லில் கால் வழுக்கி மல்லாக்க விழுந்தார். ஆட்கள் பதறிப்போய்க் குனிந்தார்கள். புகைப்படக்காரியின் வாயில் ஏற்கெனவே வந்துவிட்ட 'மூணு' வெளியே விழுந்தது.

படத்தில் மேலாளரின் கால்கள் வானத்தைப் பார்த்தன. சுற்றிலும் குனிந்த முதுகுகள். அவற்றுக்கெல்லாம் மேலே, கைகளை விரித்து, அத்தனை பல்லும் தெரிய, டை பறக்கப் பறக்கத் துணை மேலாளர். ஒளிப்பானேன், மேலே இருந்த அந்தக் கணம் அவருக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. யார் காலையும் பார்க்காமல் அவர் எழும்பியது அதுதான் முதல் தடவை.

"இவரு ஒருத்தருதான் சார் மனசார குதிச்சிருக்காரு," என்றாள் புகைப்படக்காரி, விவரம் தெரியாமல்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேலாளர் படத்தைப் பார்த்துவிட்டுத் துணை மேலாளர் பக்கம் திரும்பினார்.

"சார், அது குதிக்கும்போது தானா வர்ற முகம் சார்."

"அப்படியா? இத்தனை வருஷம் என் எதிர்ல உக்காந்தீங்களே, ஒரு நாளும் வரலையே."

நாற்காலி யாருக்கு என்று அதற்கு மேல் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சரக்கறைப் பொறுப்பாளர்தான் மேலாளரைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றினார்.

படம் போன் போனாகத் தாவி, துணை மேலாளருக்கு முன்னால் அவர் வீடு போய்ச் சேர்ந்தது. கதவைத் திறந்த மனைவி நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இவ்வளவு சிரிப்பையும் எங்கங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? நம்ம கல்யாணப் படத்துல கூட பல்வலிக்காரர் மாதிரி நிக்கிறீங்க!"

துணை மேலாளர் ஷூவைக் கழற்றக் குனிந்தார். மேலாளருக்குச் சொல்ல ஒரு பொய்யாவது வாயில் வந்தது. இவள் எதிரே மறுபடியும் காலைப் பார்க்கத்தான் முடிந்தது.