மூன்று குழாய் பம்ப்

அண்ணி வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்து என் பட்டறை வாசலில் நிறுத்தியபோதே கறாராகச் சொல்லிவிட்டார்.

"வர்ற வெள்ளிக்கிழமை அவருக்கு நூறாம் நாள். அஸ்திக் கலசத்தை, அஸ்தி வைக்கிற கோபுரத்துல கொண்டுபோய் வைக்கணும். அவரோட வண்டியிலதான் போகணும், ஆ-சிங். ஏதாச்சும் சாக்குச் சொன்னே, செருப்பு பிஞ்சிடும்."

அண்ணி என்றால் சியோக்-புன், கிம்-ஹோக் அண்ணனின் மனைவி. பூடாய் துறைமுகத்திலிருந்து ஊர் ஊராகச் சிப்பி கொண்டுபோய் விற்றுத்தான் இருவரும் பிழைத்தார்கள். வேன் எழுபத்தொன்பதாம் வருஷத்தது. அண்ணன் போனபின் மூன்று மாதம் சும்மா கிடந்ததில், இப்போது இஞ்சினுக்குப் பெட்ரோல் ஏறவில்லை.

"பம்ப்தான் போயிருக்கும் அண்ணி. மூணு நாள் குடுங்க, குதிரை மாதிரி ஓடும்" என்றேன். எனக்கு வாய் எப்போதும் கொஞ்சம் நீளம்.

கதவோரத் தகட்டில் இருந்த மாடல் எண்ணைப் படித்து, சியாயியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ஆ-துவானிடம் பம்ப் கேட்டேன். மறுநாள் வந்தது. அதில் இரண்டு குழாய்கள். ஓட்டுநர் இருக்கையைத் தூக்கி, அடியில் இருந்த இஞ்சினிலிருந்து பழைய பம்ப்பைக் கழற்றினால், அதில் மூன்று குழாய்கள். மூன்றாவதில் ஒரு போல்ட்டைத் திணித்து அடைத்திருந்தார்கள். இஞ்சினில் பொருத்தும் துளைகளும் ஒரு நகக்கண் அளவு தள்ளியிருந்தன.

ஆ-துவானைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் பதிலுக்குக் கத்தினான்.

"டேய், வண்டியைப் பார்த்துச் சொன்னியா, ஜோசியம் பார்த்துச் சொன்னியா?"

"தகட்டைப் பார்த்துத்தான்டா சொன்னேன்."

"மூணு குழாய்னா அது எண்பத்தாறு மாடல். மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிப் போறதுக்குத்தான் அந்த மூணாவது. பழைய டேங்குல அதுக்கு வழி கிடையாது, அதான் அடைச்சு வச்சிருக்காரு. உங்க அண்ணன் இஞ்சினையே மாத்தியிருக்காருடா! அதுகூடத் தெரியல, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்!"

எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் சொல்லாமல் இவர் எங்கே போய் இஞ்சின் மாற்றினார்? துணியை எடுத்துக் கிரீஸைத் துடைத்தேன். கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளில் ஒன்று மற்றவற்றைவிடத் தடிமனாக இருந்தது.

அதைப் போட்டவன் நான்.

அது ஜூனுடைய வேனில் போட்டது. மரை தேய்ந்துபோன துளையைப் பெரிதாக்கி, தடித்த போல்ட்டாகப் போட்டுக் கொடுத்தேன். அவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "சித்தப்பா, மூணு பேரு ஒல்லி, ஒருத்தன் மட்டும் உங்களை மாதிரி!"

ஜூன் அவர்களுடைய ஒரே மகன். ஏழு வருஷத்துக்கு முன்னால், பின்னால் வந்த லாரி அவன் வேனை நசுக்கியது. இருபத்தாறு வயது. எங்கள் பக்கத்தில் பிள்ளையின் சவ ஊர்வலத்தில் பெற்றவர்கள் போகக் கூடாது. வழியில் பாலம் வந்தால் சொந்தக்காரர் யாராவது இறந்தவரின் பெயர் சொல்லி, "பாலம் வருது, கூட வா" என்று கூப்பிட வேண்டும். இல்லையென்றால் உயிர் அக்கரைக்கு வராமல் நின்றுவிடும். அன்றைக்கு ஒரு தூரத்து உறவுக்காரன்தான் கூப்பிட்டான். வாசலில் அண்ணியைப் பிடித்து நிறுத்தியவன் நான். என் கையைக் கடித்தார். மறுநாள், "அந்த வண்டியில ஒரு ஆணிகூட என் கண்ணுல படக் கூடாது" என்றார். பழைய இரும்புக் கிடங்குக்கு அனுப்பினேன். அண்ணன் பின்னாலேயே போய், அந்த இஞ்சினை மட்டும் எடுத்துத் தன் வேனில் மாட்டியிருக்கிறார், எனக்குத் தெரியவில்லை.

சொன்னால் அண்ணி இந்த வண்டியில் ஏறமாட்டார், அண்ணனின் கடைசிப் பயணம் கெட்டுவிடும். எண்பத்தாறு மாடல் பம்ப்பை வரவழைத்து மாட்டினேன். வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை மதியம் இஞ்சின் கிளம்பியது. அண்ணி சூடாகச் சிப்பி அடை கொண்டுவந்திருந்தார். சத்தத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அவரு பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரியே இருக்குடா. பாலம் வந்தாப் போதும், 'பாலம் வருது, பாலம் வருது'ன்னு முணுமுணுப்பாரு. 'எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு'ன்னு திட்டுவேன். ஏழு வருஷமா இதே கூத்து."

என் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. நல்லவேளை, காலில் படவில்லை. அதன்பின் என்னால் முடியவில்லை. இருக்கையைத் தூக்கி அந்தத் தடித்த போல்ட்டைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன்.

அண்ணி கத்தவில்லை. குனிந்து அதன் மேல் விரலை வைத்தார்.

"சுடும் அண்ணி."

அவர் விரலை எடுக்கவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அந்த மனுஷன்" என்றார். பிறகு, "நான் எங்க சொல்ல விட்டேன்" என்றார். பாத்திரத்தைக்கூட எடுக்காமல் நடந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் வருவார் என்று எனக்கு நம்பிக்கையே இல்லை. வந்தார். கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். விரல் நுனியில் துணி சுற்றியிருந்தது.

பாஜாங் ஆற்றுப் பாலம் தெரிந்தது.

"கிம்-ஹோக், பாலம் வருது, கூட வா" என்று கலசத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். முறையாக, தெளிவாக.

பாலத்தில் ஏறினோம். அவர் குனிந்து, என் இருக்கைக்கு அடியில், இஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஜூன், அம்மாடா. அன்னைக்கு என்னை விடல. பாலம் வருது. வா, அம்மாகூட வா."

இரண்டாம் முறையும் கூப்பிட்டார், மூன்றாம் முறையும். குரல் உடைந்து உடைந்து வந்தது. எனக்குச் சாலை மங்கிவிட்டது.

"ஆ-சிங், மெதுவாப் போடா. பாலம் முடிஞ்சிடப்போவுது."

நான் முதல் கியருக்கு மாற்றினேன்.