ஜிப் வைத்த கடல் பூதம்

ஒரகடத்தில் ஆயுத பூஜையன்று சினிமாத் திரையிலிருந்து இறங்கிய கடல் பூதம் மூன்று பேரைக் கடித்துக் கொன்றது, நான்காவதாகக் கோதண்டத்தை முழுசாக விழுங்கியது. கோதண்டம் கார் கதவு செய்யும் கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். அவன் மனைவி லீலாவுக்கு அங்கேயே பேக்கிங்கில் வேலை. தவறு அவனுடையதுதான். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் எடுப்பதில்லை. லீலா மெஷின்களோடு கம்பெனிப் புரொஜெக்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். பூஜைக்கு வந்திருந்த தொழிலாளர் பிள்ளைகள் படம் கேட்டதும் கோதண்டம் அதைத் தூக்கிவிட்டான்.

"பூஜையில வெச்சத நாளிக்கி எடுத்தா ஆவாதா?" என்றாள்.

"படம்தான காட்றேன், மிஷினா ஓட்றேன்?" என்றான்.

பட்டப்பகலில் ஷட்டரை இறக்கி ஓட்டினார்கள். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம், கஞ்சத்தனமாக எடுத்தது. கடலிலிருந்து எழுந்த பூதத்தின் முதுகில் ஜிப் தெரிந்தது. "உள்ள ஆளு கீறான் பாரு" என்று கோதண்டம் விழுந்து விழுந்து சிரித்தான். ஆள் இல்லை. பூதத்தின் குறையே அதுதான். அது திரையைக் கிழித்துக்கொண்டு வந்து, முன்னால் உட்கார்ந்திருந்த மூவரின் கழுத்தைக் கடித்துப் பார்த்துத் துப்பியது. கோதண்டத்தின் அளவு சரியாக இருந்தது.

பிறகு அது ஏரியில் குடியேறியது. ஷிப்ட் பஸ்ஸைக் கவிழ்த்து, டிரைவர் ஜெகநாதனின் தலையைத் திருகி எடுத்தது. வழியில் அகப்பட்ட மாடுகளை இரண்டாகக் கிழித்தது. போலீஸ் சுட்ட குண்டுகள் ரப்பர் தோலில் பொத்தான்களாக நின்றன. பஸ்கள் வாலாஜாபாத் வழியாகச் சுற்றிப் போயின, ஷிப்ட் மட்டும் நிற்கவில்லை. பூதம் மாலையானால் லீலா வீட்டுத் தெருமுனை வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பும். பிரஸ்ஸில் மாட்டும் இரும்பு அச்சு விழுந்து நசுங்கிய இடது காலைக் கோதண்டம் இழுத்து நடப்பான். பூதமும் இழுத்தது. உள்ளே இருப்பது யாரென்று லீலாவுக்குப் புரிந்தது.

ஊரார் பெட்ரோல் கேன்களோடு ஏரிக்குக் கிளம்பிய அன்று, அவள் பேக்கிங் கட்டரோடு முந்திக்கொண்டாள். கரையில் படுத்திருந்த பூதத்தின் முதுகில் ஏறினாள். அது அவள் தோளைக் கவ்வியது. ஜிப் துருப்பிடித்திருந்ததால் தோலை மேலிருந்து கீழாக அறுத்தாள். உள்ளே அவன் முதுகும் சேர்ந்து அறுந்தது. வழிந்த ரத்தம் கறுப்பாக இருந்தது. தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவன் கறுப்பு வெள்ளையில் வந்தான். வெறும் தோலைத்தான் ஊரார் கொளுத்தினார்கள்.

"உள்ள ஒரே இருட்டு, லீலா. கை அதும்பாட்டுக்கு ஆடிக்கினே இருந்துச்சி" என்று அழுதான். ஜெகநாதனின் மனைவி காமாட்சியம்மாள் வந்து அவனை மாறி மாறி அறைந்தாள். கன்னம் சிவக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

தோளில் பல் தடத்தோடு லீலா வேலைக்குத் திரும்பினாள், அவனும் திரும்பினான். அடுத்த ஆயுத பூஜைக்கு அவள் பிரஸ்ஸின் பக்கத்தில் அவனை உட்காரவைத்து, நெற்றியில் குங்குமம் வைத்தாள். அவன் மேல் அது ஒன்றுதான் சிவப்பு. யாரும் அவனைத் தொடவில்லை, ஒரு வேலையும் சொல்லவில்லை. மறுநாள் காலை அவளே கையைப் பிடித்து எழுப்பினாள்.