தார்ன்விக் கிராமத்துக் கல்லறைத் திருநாள்

"இன்னும் கொஞ்சம் நேராக வாருங்கள் சார். இடது பக்கம் கல் சிலுவை தெரிகிறதா? போரில் இறந்தவர்களுக்கு வைத்தது. அதைத் தாண்டினால் வாத்துக் குளம். அங்கே மட்டும் திரும்பிவிடாதீர்கள், எல்லாரும் அங்கேதான் தப்பாகத் திரும்புவார்கள்."

ஆஞ்சலா ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டு ஆங்கிலத்தில் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். மத்தியானம் இரண்டரைக்குப் பொம்மனஹள்ளி கால் சென்டரில் லைன் திறக்கும்போது இங்கிலாந்தில் காலை ஒன்பது மணி. அங்கே தார்ன்விக் என்றொரு குக்கிராமம். நானூறு வருஷத்துப் பழைய மாளிகை, பக்கத்திலேயே தேவாலயம், சுற்றிலும் கல்லறைகள். பார்க்க வருகிறவர்களின் ஃபோன் எல்லாம் பொம்மனஹள்ளிக்குத்தான் வரும்.

போஸ்ட் கோடு சொன்னால் போதும் என்பது ஆபீஸ் விதி. சிவாஜிநகரில் பிறந்தவளுக்கு அது எப்படிப் போதும்? வழி என்றால் அடையாளம் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்தில் அந்த ஊரின் படம், வரைபடம் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்திருந்தாள். எந்தக் கல்லறை எந்த வரிசை என்பது வரை அவளுக்கு அத்துப்படி. அங்கே ஒரு பிரபுவின் குதிரைக்குக் கூட இரண்டாள் உயரத்துக்குத் தூண் நிற்கிறது என்று அம்மா மௌரீனிடம் ஒருநாள் சொன்னாள்.

"குதிரைக்கா? வுட்டா அதுக்குப் பூசையும் வைப்பாங்க போல," என்று மௌரீன் சிரித்துவிட்டுக் கீரையை ஆய்ந்தாள்.

வினை போன வருஷம் நவம்பர் ஒன்றாம் தேதி ஆரம்பித்தது. ஹிலரி என்றொரு அம்மாள் கூப்பிட்டார். அவருடைய கணவரை தார்ன்விக்கில்தான் அடக்கம் செய்திருக்கிறது. நாளைக்கு மாளிகை விடுமுறையாமே, கல்லறைக்குப் போகிற கேட்டாவது திறந்திருக்குமா என்று கேட்டார்.

நாளைக்கு நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். ஆஞ்சலா யோசிக்கவே இல்லை. "திறந்திருக்கும் மேடம். ஆனால் சீக்கிரமாக வந்துவிடுங்கள், ஒரே கூட்டமாக இருக்கும். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பூவும் மெழுகுவர்த்தியும் வீட்டிலிருந்தே கொண்டுவருவது நல்லது," என்று சொல்லிவிட்டாள். கல்லறைத் திருநாளில் கூட்டம் இல்லாத கல்லறை உலகத்தில் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

பக்கத்து சீட் பார்கவிக்குத்தான் சந்தேகம் வந்தது. "ஏய், அவங்க ஊர்ல இதெல்லாம் உண்டா?"

"கிறிஸ்டியன்ஸ்தானே? செத்தவங்களைப் பார்க்க வராம இருப்பாங்களா?"

வரமாட்டார்கள். மறுநாள் விடியற்காலையிலேயே ஒரு பை நிறைய மெழுகுவர்த்தியோடு போய் நின்ற ஹிலரியைத் தவிர அங்கே ஈ காக்கை இல்லை. நாயோடு நடக்க வந்த ஒருவர் என்ன விஷயம் என்று கேட்டார். இன்று பெரிய கூட்டம் வருமென்று மாளிகை ஆபீஸிலேயே சொன்னார்கள் என்றார் ஹிலரி. செய்தி வீடு வீடாகப் போனது. வெளியூர்க்காரர்கள் கூட்டமாக வந்து நிற்கும்போது உள்ளூர்க்காரர்களின் கல்லறை வெறுமையாகக் கிடந்தால் மானம் என்ன ஆவது? ஆளாளுக்குச் சமையலறை இழுப்பறையில் கிடந்த மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பத்து மணிக்கெல்லாம் நிஜமாகவே கூட்டம் சேர்ந்துவிட்டது.

டீம் லீடர் சீனிவாசராகவன் முதலில் தவறான தகவல் தந்ததற்காக ஆஞ்சலாவுக்கு மதிப்பெண் குறைத்தார். ஒரு வாரம் கழித்து மாளிகையிலிருந்து பாராட்டிப் படங்கள் வந்ததும், குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்து ஒரு கேக்கும் வெட்டினார். இந்த வருஷம் மாளிகையே விளம்பரம் செய்துவிட்டது. நவம்பர் இரண்டு, காலை பதினொரு மணிக்குப் போதகர் ஒவ்வொரு கல்லறையாக வந்து ஜெபம் செய்வார். ஆபீஸுக்கு வந்த குறிப்பில் 'கிராமத்தின் தொன்மையான வழக்கம்' என்று போட்டிருந்தது. பார்கவி அதைச் சத்தமாகப் படித்துவிட்டு ஆஞ்சலாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அந்த வரிசையே சிரித்து ஓய்ந்தது.

சிரிப்பெல்லாம் லீவ் கேட்கப் போகும் வரைதான்.

"ரெண்டாம் தேதி தார்ன்விக் லைன்ல யாருக்கும் லீவ் இல்லம்மா," என்றார் சீனிவாசராகவன். "ஐந்நூறு கால் வரும்ங்கறாங்க. நீ இல்லன்னா இவங்க எல்லாரும் ஆளுங்களை வாத்துக் குளத்துல இறக்கிடுவாங்க."

"சார், அப்பா கல்லறைக்குப் போகணும் சார். இதான் கடைசி வருஷம்."

"கடைசி வருஷம்னா?"

அவள் விளக்கினாள். அப்பா ஆம்ப்ரோஸ் பெயின்டராக இருந்தவர். சொந்தமாக இடம் வாங்க முடியாதவர்களின் குழியைச் சில வருஷம் கழித்து வேறொருவருக்காகத் திறப்பார்கள். அப்பாவின் முறை ஜனவரியில். அதற்குமேல் அவருக்கென்று போய் நிற்க ஓரிடம் இல்லை. மாலை நாலரைக்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்போது கல்லறைப் பக்கத்தில் வீட்டு ஆள் நிற்க வேண்டும். அம்மாவுக்குப் பார்வை மங்கல். ஆயிரம் இரும்புச் சிலுவைக்கு நடுவில் அப்பாவின் நம்பரைக் கண்டுபிடிக்க மாட்டாள்.

சீனிவாசராகவன் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலையில போயிட்டு வந்துடேன்? உன்னாலதானம்மா இந்தத் திருவிழாவே வந்துது. நீயே இல்லன்னா நான் அங்க என்ன பதில் சொல்றது?"

காலையில் சாமியார் வரமாட்டார் என்று அவருக்குச் சொல்லிப் பயனில்லை.

இரண்டாம் தேதி காலை சம்மங்கி மாலையும் மெழுகுவர்த்தியும் வாங்கிப் பையில் வைத்துவிட்டு, ஆஞ்சலா அம்மாவை உட்காரவைத்து வழி சொன்னாள். "கேட்லேருந்து நேரா போ. தண்ணி டேங்க் வரும். அங்க லெஃப்ட். றெக்கையோட, கை ஒடைஞ்ச சம்மனசு சிலை ஒண்ணு நிக்கும், அதுக்குப் பின்னாடி நாலாவது வரிசை. ரெண்டாயிரத்து இருநூத்திப் பதினேழு. யாரையாவது படிக்கச் சொல்லு."

"சீமையில இருக்கறவனுக்கெல்லாம் வழி சொல்ற. என் கூட வர மட்டும் உனக்கு வழியில்ல," என்றாள் மௌரீன். மகள் முகம் போன போக்கைப் பார்த்ததும் குரல் மாறியது. "சரி வுடு. உங்கப்பன் என்னைப் பார்த்தா அவனே கூப்பிடுவான். எவ்ளோ நாள் ஒளிஞ்சிருப்பான்?"

மத்தியானம் அலைபேசியை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு ஆஞ்சலா சீட்டில் உட்கார்ந்தாள். சீனிவாசராகவன் சொன்னபடியே அழைப்புகள் கொட்டின. சுவரிலிருந்த பெரிய திரையில் காத்திருப்போர் எண்ணிக்கை இருபதுக்குக் கீழே இறங்கவே இல்லை. நாலரைக்கு, அதாவது தார்ன்விக்கில் பதினொன்றுக்கு, இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஒரு கிழவரின் குரல் வந்தது. நாற்பது வருஷம் ஆஸ்திரேலியாவில் இருந்தவராம். கல்லறைத் தோட்டத்துக்குள் நின்றுகொண்டிருக்கிறார், அம்மாவின் கல்லறை தெரியவில்லை, போதகர் கிளம்பிவிட்டார்.

"பெயர் சொல்லுங்கள் சார். பதற்றப்படாதீர்கள்." ஆஞ்சலா திரையில் வரைபடத்தைத் திறந்தாள். "பெரிய யூ மரம் தெரிகிறதா? அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். நேராகப் பதினைந்து அடி. பாசி பிடித்த கல் பெட்டி. அதைத் தாண்டி மூன்றாவது வரிசை, சுவர் ஓரமாக இரண்டாவது. தேய்த்துப் பாருங்கள், எழுத்து தெரியும்."

மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "கிடைத்துவிட்டாள்," என்றார் கிழவர். அழுதுகொண்டே சிரித்தார். "நல்லவேளை. போதகர் வந்துவிட்டார். வைத்துவிடாதே மகளே, நீயும் கேள்."

தொலைவில் ஒரு குரல் இறந்தவர்களுக்காக ஜெபிக்கத் தொடங்கியது. ஆஞ்சலா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பாவின் பெயரை உதட்டுக்குள் சொன்னாள்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து சீனிவாசராகவன் எட்டிப்பார்த்தார். முதலில் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். பிறகு சுவர்த் திரையைக் காட்டினார். அதில் முப்பத்தொன்பது பேர் வழி கேட்டுக் காத்திருந்தார்கள்.